ஜூலியட் கிரெக்கோ: பாட்டுக்கு முன்பே வந்த பேர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சுப் பாடகி ஜூலியட் கிரெக்கோவைச் சமீபமாகக் கேட்டுவருகிறேன். பாரிஸில் ‘தபூ’ என்ற நிலவறை விடுதியில் பாடிப் பேர் வாங்கினார், தத்துவவாதி சார்த்தர் அவருக்காகப் பாட்டுகள் எழுதினார், அந்தப் புகழில் நடிகையானார் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். இது சரியா? எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் நடிப்பு, அடுத்து பேர், கடைசியில்தான் பாட்டு.

1943-ல் நாஜிகளிடம் பிடிபட்டபோது அவருக்கு வயது 16. தாயும் அக்காவும் ராவன்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பிரெஸ்ன் சிறையிலிருந்து வெளியே வந்த ஜூலியட்டுக்கு, பள்ளியில் பாடம் சொல்லித்தந்த எலேன் துய்க் பாரிஸில் ஆதரவு கொடுத்தார். துய்க் ஒரு நடிகையும்கூட. அந்த வழியில்தான் நாடகப் பயிற்சி வந்தது. 1946-ல் ரொஜே வித்ராக்கின் நாடகமொன்றில் ஜூலியட் மேடையேறினார்.

தபூ திறந்தது 1947 ஏப்ரலில். எழுத்தாளர் போரிஸ் வியான் அங்கே ட்ரம்பெட் வாசித்தார், கிரெக்கோ பாடவில்லை. மே மாதம் ‘சாம்தி-சுவார்’ என்ற வாரப்பத்திரிகை, நிலவறை இளைஞர்களைப் பற்றி அவர் படத்தோடு பரபரப்பாக எழுத, ஒரு பாட்டுகூடப் பாடாமலே ஊரறிந்த முகமாகிவிட்டார். பத்திரிகை வேலை அது, கலையல்ல.

பாட்டு 1949-ல், ‘பஃப் சூர் லெ துவா’ விடுதி மறுபடி திறந்தபோது. சார்த்தர் அவரை வீட்டுக்கு வரச்சொல்லி, கவிதைப் புத்தகங்களை அடுக்கிவைத்துப் பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கிரெக்கோ எடுத்தவை இரண்டு: ரெமோன் கெனோவினுடையது ஒன்று, லஃபோர்க்குடையது ஒன்று. சார்த்தர் தன் பங்காகக் கொடுத்த ‘ரூ தே பிளான்-மாந்தோ’ என்ற பாட்டு புதிதாக எழுதியதல்ல. தமிழில் ‘மீள முடியுமா?’ என்று வந்திருக்கும் அவருடைய நாடகத்தில் இனெஸ் என்ற பாத்திரம் பாடுவதாக ஏற்கெனவே இருந்தது. மெட்டமைக்க ஜோசப் கோஸ்மாவிடம் அனுப்பினார்.

கெனோ கவிதைதான் ‘சி தூ திமாஜின்’. வரிக்கு ஐந்து அசை, திரும்பத் திரும்ப வரும் சொற்கள். மெட்டுக்காக எதையும் வெட்டவேண்டியதில்லை. ‘இளமை இப்படியே இருக்கும் என்று நினைக்காதே, சின்னப் பெண்ணே’ என்பது பொருள். கிழவர் பாடினால் உபதேசமாகிவிடும். 22 வயதுக்காரி பாடுகையில் கேலி ஏறுகிறது. லஃபோர்க்கைப் பாட்டாக்கியது எனக்கு அவ்வளவாக ருசிக்கவில்லை. காதுக்குச் சொற்கள் அதிகம்.

பெரிய குரல் அல்ல அவருடையது. தாழ்ந்த சுருதி, தெளிவான உச்சரிப்பு. கறுப்பு உடையில் நின்றதால் முகமும் கைகளும் மட்டுமே தெரியும். வரியின் பொருளை அவை சொல்லும். நாடகப் பயிற்சி பயன்பட்டது இங்கேதான். ஒலிப்பதிவை மட்டும் கேட்பவர்களுக்குச் சில பாட்டுகள் வறண்டு தெரிவது இதனால்தான். மேடைக் காணொளி கிடைத்தால் அதையே பாருங்கள்.

காணொளிக்காரர் சொன்னதில் சினிமா பாதி சரி. இயக்குநர் காக்தோவின் ‘ஓர்ஃபே’ (1950) படத்தில் அவருக்குச் சிறிய வேடம். ஹாலிவுட் வாய்ப்பு பாட்டுப் புகழுக்குப் பிறகு, 1957-ல்.

முதலில் ‘சி தூ திமாஜின்’, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. அடுத்து 1951-ன் ‘ஜெ எ லே திமான்ஷ்’. வரிகள் பாடகர் அஸ்னவூருடையவை. பாடகி எதித் பியாஃப் முதலில் வேண்டாமென்று ஒதுக்கி, கிரெக்கோ பாடியபின் தானும் பாடிய பாட்டு. இருவரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒன்று கவனம்: இணையத் தொகுப்புகளில் பிற்கால மறுபதிவுகளும் கலந்திருக்கும். பதிவான ஆண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.