முதலில் சான்றிதழ்க் கோப்பைத் திறவுங்கள்: வெளிநாட்டு ஆசிரியர் வேலை பற்றித் திருகோணமலையிலிருந்து சில கேள்விகள்

மாலைதீவில் 7 ஆண்டுகளும் கட்டாரில் 4 ஆண்டுகளும் கணிதம் கற்பித்துவிட்டு உவர்மலை வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து என்னைத் தேடி வருபவர்களிடம் ஒரே பேச்சுத்தான்: "மாஸ்டர், எங்களுக்கும் வெளியில் வேலை கிடைக்குமா?" இந்தக் கிழமை வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்வியியற் கல்லூரி டிப்ளோமா இருக்கிறது, ஆங்கில ஆசிரியையாக 6 வருட அனுபவமும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கலாமா? (நிலாவெளி)

இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி. குடிபெயர விரும்பும் ஆசிரியர்களின் தகைமையை மதிப்பிடும் அங்குள்ள நிறுவனம் 4 ஆண்டு முழுநேர உயர்கல்விக்கு ஈடான படிப்பைக் கேட்கிறது. அதில் ஓராண்டாவது ஆசிரியர் பயிற்சியாக இருக்கவேண்டும். உங்கள் டிப்ளோமா 3 ஆண்டு, அதிலும் கடைசி ஆண்டு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கில மொழித் தேர்வின் கல்விசார் பிரிவில் வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8 எடுக்கவேண்டும். அந்த 8 என்பது ஆங்கில ஆசிரியர்களையே தடுக்கி விழுத்தும் படி. முதலில் பட்டத்தை முடியுங்கள். பொதுப்பட்டத்துக்கு மேல் ஒரு வருடப் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் இருந்தால் கணக்கு ஓரளவு சரிவரும்.

இங்கிலாந்து? (உப்புவெளி)

2023 இல் அங்குள்ள ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இங்கிலாந்து 9 இடங்களைப் புதிதாகச் சேர்த்தது. இந்தியா இருந்தது, இலங்கை இல்லை. ஆகவே "இந்திய நண்பர் போய்விட்டார், நானும் போவேன்" என்ற கணக்கை விட்டுவிடுங்கள்.

தமிழ் கற்பிக்க யாராவது எடுப்பார்களா? (தம்பலகாமம்)

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நிறையவே உள்ளன. பெரும்பாலும் அங்கேயே குடியிருப்பவர்கள் தொண்டாகச் செய்யும் வேலை அது. அதை நம்பி விசா கிடைக்காது. கொரியா பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் விசா பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா போன்ற 7 நாடுகளின் பிரசைகளுக்குத்தான். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நல்லது என்பது அங்கே கேள்வியே இல்லை.

மாலைதீவு எப்படி, மாஸ்டர்? தனிமை தாங்கமுடியாது என்கிறார்களே. (உவர்மலை)

நம்மவர்களுக்குக் கதவு எளிதாகத் திறக்கும் இடம் இதுதான். திவேகி மொழியும் இஸ்லாமும் தவிர மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு அமர்கிறார்கள். ஏறத்தாழ 1,200 தீவுகள், மக்கள் வாழ்வதோ 200க்கும் குறைவானவற்றில். உங்களுக்கு எந்தத் தீவு விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். மாலேயிலிருந்து என் தீவுக்குப் படகில் அதைவிட நான்கு மடங்கு ஆனது. ஊரைச் சுற்றி நடக்க இருபது நிமிடம் போதும். காலையில் சூரை, மதியம் சூரை, இரவிலும் சூரை. திருமலைக்காரனுக்கு மீன் புதிதல்ல, ஆனாலும் மூன்றாம் மாதத்தில் ஒரு கத்தரிக்காய்க்காகக் கனவு கண்டேன்.

ஒன்று மறக்கவேண்டாம். வழிபாட்டுக்கான விக்கிரகங்களை அந்த நாட்டுக்குள் கொண்டுசெல்லத் தடை. அம்மா பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்த சின்னப் பிள்ளையாரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்தே தம்பியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

வளைகுடாவில் சம்பளம் எவ்வளவு? (மூதூர்)

மொத்தத் தொகையைக் கேட்காதீர்கள், தம்பி. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கட்டாரில் வேலை முடிந்து திரும்பும்போது வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது 3 கிழமை அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகத் தரவேண்டும். அடிப்படையைச் சிறுக்கவைத்து, மீதியை வீட்டுப்படி, போக்குவரத்துப்படி என்று எழுதினால் அந்தத் தொகையும் சிறுத்துவிடும். நான் முதல் ஒப்பந்தத்தில் இதைக் கவனிக்கவில்லை. இரண்டாவதில் பேனாவைத் திறக்குமுன் அந்த வரியைத்தான் தேடினேன்.

சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே போனபின் வேலை விசாவுக்கு மாற்றித் தருகிறோம் என்கிறார் முகவர். முற்பணமும் கேட்கிறார். (கிண்ணியா)

கொடுக்கவேண்டாம், தங்கச்சி. ஒரு முகவரிடம் நானும் ஏமாந்தவன்தான், மூன்று மாதச் சம்பளம் போனது. அன்று நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள்: அந்த முகவர் நிலையத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பாருங்கள். 1989 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம். பணியகத்தில் பதியாமல் புறப்படவும் வேண்டாம், அங்கே சிக்கல் வந்தால் அந்தப் பதிவுதான் கைகொடுக்கும். நல்ல பாடசாலை ஒன்று தன் பெயரில்தான் நியமனக் கடிதம் அனுப்பும். வாட்ஸ்அப் செய்தியை நியமனக் கடிதம் என்று யாராவது காட்டினால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அரச ஆசிரியர் நான். வேலையை விடாமல் போக வழி உண்டா? (திருகோணமலை நகரம்)

2022 இல் பொருளாதாரம் படுத்திருந்தபோது, அரச ஊழியர் 5 ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பலர் அப்படித்தான் போனார்கள். இன்று உங்கள் பதவிக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை வலயக் கல்விப் பணிமனையில் எழுத்தில் கேளுங்கள். பக்கத்து மேசைக்காரரின் வாயால் கேட்டு ஓய்வூதியத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்? (சாம்பல்தீவு)

பட்டியல் எல்லாருக்கும் தெரியும்: பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுப் பத்திரம், சேவைச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, மொழிபெயர்த்த பிறப்புச் சான்றிதழ். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்தவேண்டும். வளைகுடாவுக்கு என்றால் அதற்கு மேல் அந்தந்தத் தூதரக முத்திரையும். ஆனால் மனிதர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். பட்டத்தில் முதலெழுத்துகள், கடவுச்சீட்டில் முழுப்பெயர், சாதாரண தரச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். என் பெயரின் நடுவில் ஒரு சான்றிதழ் 'வி' போட்டது, இன்னொன்று 'டபிள்யூ' போட்டது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, திரும்பவும் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்வர மூன்று கிழமை ஓடிவிட்டது. இன்று இரவே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழ் மூலம் கற்பித்தவருக்கு ஆங்கில நேர்முகம் கடினமா? (கன்னியா)

என் முதல் நேர்முகத்தில், மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் ஏன் நேர் எண் வருகிறது என்று விளக்கச் சொன்னார்கள். 14 ஆண்டு தமிழில் விளக்கியவன் நான். ஆங்கிலத்தில் நாக்கு கட்டிக்கொண்டது, வேலை கிடைக்கவில்லை. அடுத்ததற்கு முன் ஒரு மாதம் மகளை எதிரே உட்காரவைத்து ஆங்கிலத்தில் கற்பித்தேன். வட்டங்கள் வந்த அன்று அவள் தூங்கிவிட்டாள். நேர்முகத்தில் கேட்டதும் வட்டங்கள்தான், யாரும் தூங்கவில்லை.