செய்முறைக் கல்வியால் மதிப்பெண் குறையுமா? உதகையிலிருந்து ஓர் ஆசிரியரின் பதில்

கேள்வி: "என் மகன் வரும் ஜூனில் உதகையில் உள்ள ஓர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேரப் போகிறான். அங்கே செய்முறைக் கல்விக்கு நிறைய நேரம் ஒதுக்குகிறார்கள், மாணவர்கள் போட்டிகளில் பரிசு வாங்குகிறார்கள் என்கிறார்கள். இதனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பாதிக்கப்படாதா?"

குறையாது. நீலகிரியில் நெடுங்காலமாக இயற்பியல் கற்பித்துவருகிறேன், பெரும்பாலும் ஆண்கள் பள்ளிகளில். அந்த அனுபவத்தில் இதை உறுதியாகச் சொல்கிறேன். ஆனால் 'செய்முறை' என்ற பெயரில் அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். தெர்மாகோலில் எரிமலை செய்து, சோடா உப்பும் வினிகரும் ஊற்றி நுரை பொங்கவைத்து விருந்தினருக்குக் காட்டுவதும் அந்தப் பெயரில்தான் நடக்கிறது. அதில் பையனுக்கு மேடைப் பழக்கம் கிடைக்கும். அறிவியல் கிடைக்க வேண்டுமென்றால் அவன் எதையாவது அளக்க வேண்டும், அளந்ததை எழுத வேண்டும், எழுதியது புத்தகத்தோடு ஒத்துப்போகாதபோது ஏன் என்று கேட்க வேண்டும். நம் மலையில் இதற்கு வாய்ப்பு ஏராளம். சமவெளிக்காக எழுதிய பல எண்கள் இங்கே மாறிவிடும்.

முதல் உதாரணம் கொதிநிலை. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே பையன்கள் ஒப்பித்து வருகிறார்கள். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே பீக்கரில் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியை விட்டால் பாதரசம் 92, 93 டிகிரியில் நின்றுவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சோதனையில் முதலில் எழும் குரல் ஒன்றுதான்: "சார், தெர்மாமீட்டர் கெட்டுப்போய்விட்டது." நான் வேறொன்று எடுத்துக் கொடுப்பேன். அதுவும் 93 காட்டும். பக்கத்து மேசையிலும் 93. வகுப்பில் சிறிது நேரம் பேச்சே இருக்காது. பிறகு யாராவது ஒருவன், பெரும்பாலும் பின்வரிசையில் இருப்பவன், "சார், எங்கள் வீட்டில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகவே வேகாது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்பான்.

பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. 2,240-ஐ 300-ஆல் வகுத்தால் ஏழரை வருகிறது. நூறிலிருந்து ஏழரையைக் கழித்தால் கையில் இருக்கும் எண் கிடைத்துவிடுகிறது. கொதிக்கும் தண்ணீரின் சூடே குறைவு என்பதால்தான் பருப்பு வேகவில்லை; குக்கர் உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை ஏற்றிவிடுகிறது. குன்னூரிலிருந்து வரும் பையன் அங்கே எவ்வளவு இருக்கும் என்று தானே கணக்கிட்டு 94 என்பான். மேட்டுப்பாளையத்துக்கு 99. 'மலைப் பகுதியில் உணவு வேக ஏன் அதிக நேரம் ஆகிறது, அழுத்தச் சமையற்கலன் எப்படி உதவுகிறது' என்ற கேள்வி தேர்வில் வந்தால் இந்தப் பையன்கள் என்ன எழுதுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் மதிப்பெண் கவலைக்கு இதுவே என் முதல் பதில்.

அடுத்தது மழை. நீலகிரியில் மழையைப் பற்றிப் படிக்காமல் ஒரு பையன் பள்ளியை விட்டு வெளியேறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. மாவட்டம் முழுவதும் மண்சரிவு, பல உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர். இந்த எண்களைச் செய்தியாகக் கேட்டால் மனதில் நிற்காது. மழைமானியைத் தானே செய்தவனுக்கு நிற்கும். இரண்டு லிட்டர் குடிநீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக வைத்து, அடியில் இருக்கும் மேடுபள்ளத்தைச் சிறு கற்களும் தண்ணீரும் இட்டுச் சமன்செய்து, அந்த நீர்மட்டத்திலிருந்து அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். கூரைக்கும் மரத்துக்கும் எட்ட வைக்க வேண்டும். வானிலைத் துறை காலை எட்டரை மணிக்கு அளவெடுக்கிறது. பள்ளிக்குப் புறப்படும் நேரம் என்பதால் பையன்களுக்கும் அது வசதி.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். இதை அவர்களே கணக்கிட்டுக் கண்டுபிடிக்க விடுவேன். பிறகு கேத்தியின் 820 மில்லிமீட்டரைக் கொடுத்து, உன் வீட்டுக் கூரையில் எவ்வளவு விழுந்திருக்கும் என்று கேட்பேன். 40 சதுர மீட்டர் கூரையில் 32,800 லிட்டர். ஒரு சிறிய வீட்டின் கூரைக்கே இவ்வளவு என்றால் ஒரு மலைச்சரிவு முழுவதற்கும் எவ்வளவு என்று அவர்களே பெருக்கிப் பார்ப்பார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. அதற்கும் கையாலேயே விடை தேடலாம். இருபுறமும் திறந்த ஒரு டின்னை மண்ணில் அழுத்தி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது உறிஞ்சப்பட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பார்க்க வேண்டும். ஊரை ஒட்டிய சோலை மரங்களின் அடியில் ஒரு முறை, தேயிலைத் தோட்டத்து நடைபாதையில் ஒரு முறை, கேரட் பாத்தியில் ஒரு முறை. சோலை மண் மடமடவென்று குடித்துவிடும். மிதிபட்டு இறுகிய பாதையில் தண்ணீர் அப்படியே நிற்கும். (வனத்துறைக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் பையன்களை அனுப்பக் கூடாது, ஊர்ப்புறத்தில் இருக்கும் மரக்கூட்டம் போதும்.)

இது தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு மிகப் பொருத்தமான ஆய்வு. 1993 முதல் நடந்துவரும் அந்த மாநாட்டைத் தமிழகத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைக்கிறது. 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்ய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிப்படியாகப் போகலாம். புதிய யோசனைகளுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில், தேர்வாகும் மாணவரின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வருகிறது. பள்ளியின் பரிசுப் பட்டியலைப் பார்க்கும்போது, எந்தப் போட்டி, அதில் பையன் எதைச் செய்தான் என்று கேளுங்கள். கோப்பையின் உயரத்தை விட அது முக்கியம்.

நான் அதிகம் விரும்பும் சோதனைக்கு ஒரு மீட்டர் குச்சியைத் தவிர வேறு செலவில்லை. மார்ச் 21-ஐ ஒட்டி, சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும் நாளில், மைதானத்தில் அந்தக் குச்சியைச் செங்குத்தாக நட்டு, தூக்குக்குண்டு கட்டிச் சரிபார்த்து, நிழல் சுருங்குவதைப் பன்னிரண்டு மணியிலிருந்தே குறித்துக்கொண்டு வர வேண்டும். நிழல் மிகச் சிறியதாக இருப்பது பன்னிரண்டரை மணியளவில். பன்னிரண்டுக்கே ஏன் இல்லை என்று ஒருவனாவது கேட்காமல் இருக்க மாட்டான். நம் கடிகாரம் காட்டுவது 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம், உதகையோ அதற்கு மேற்கே இருக்கிறது. அந்தக் குறைந்த நிழலின் நீளம் 20 சென்டிமீட்டர் வரும். பத்தாம் வகுப்பு முக்கோணவியலை வைத்துக் கோணத்தைக் கண்டால் 11 டிகிரிக்குச் சற்று மேல். அதுதான் உதகையின் அட்சரேகை. செயற்கைக்கோள் இல்லை, கைப்பேசி இல்லை. பூமியில் தான் நிற்கும் இடத்தைப் பையன் ஒரு குச்சியால் கண்டுபிடித்துவிட்டான்.

அதன் பிறகு உதகைக்கு அருகே உள்ள முத்தோரைக்குக் கூட்டிக்கொண்டு போனால்தான் அங்கே இருக்கும் ரேடியோ தொலைநோக்கி அவனுக்குப் புரியும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் சுவரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தது; 1970 முதல் இயங்குகிறது. அதை ஏன் ஒரு மலைச்சரிவில் தெற்கு வடக்காகக் கிடத்தியிருக்கிறார்கள் என்று கேட்டால், குச்சி நட்ட பையன் சொல்லிவிடுவான். அந்தச் சரிவும் ஏறத்தாழ 11 டிகிரிதான். அட்சரேகையும் சரிவும் ஒன்றாக இருப்பதால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அதனால் அந்த ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும், ஒரு வானப் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம். இந்த மலையைத் தேடிப் பிடித்துத்தான் அதை இங்கே கட்டினார்கள் என்பது தெரிந்ததும், தன் ஊர் மீது அந்தப் பையனுக்கு வரும் பெருமிதத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

ஆண்கள் பள்ளி என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இருபாலர் பள்ளியில் நான் இருந்தபோது, கருவிகளைப் பையன்கள் எடுத்துக்கொள்வார்கள். அளவீடுகளை எழுதுவது, அட்டவணை போடுவது, சோதனைக்குழாய்களைக் கழுவி அடுக்குவது எல்லாம் மாணவிகள் தலையில் விழும். இரு தரப்புக்கும் அதில் நட்டம். ஆண்கள் பள்ளியில் பையனுக்கு அந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. எழுத வேண்டியவனும் அவன், கழுவ வேண்டியவனும் அவன். நான் இதில் கண்டிப்பாக இருக்கிறேன். கழுவாத குழுவுக்கு அடுத்த வாரம் சோதனை இல்லை.

இன்னொன்று, புத்தகப் படிப்பில் பின்தங்கிய பையன்களைப் பற்றியது. விடுமுறை நாட்களில் கேரட் அறுவடைக்குப் போகும் பையன்கள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். அப்படி ஒருவன் வாசிக்கத் திணறுவான், கரும்பலகை அருகே வரவே கூசுவான். சுழற்சி வேகம் பற்றிய பாடத்தில், கேரட் கழுவும் இயந்திரத்தின் டிரம் ஏன் மோட்டாரின் வேகத்தில் சுற்றுவதில்லை என்று கேட்டேன். அவன் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, மோட்டார் பக்கம் ஒரு சிறிய புல்லி, டிரம் பக்கம் பெரிய புல்லி, நடுவே பெல்ட் என்று வரைந்தான். "சின்னது மூன்று சுற்று சுற்றினால்தான் சார் பெரியது ஒரு சுற்று. வேகமாகச் சுற்றினால் கேரட் உடைந்துவிடும். மழை நாளில் பெல்ட் வழுக்கும், அப்போது இறுக்க வேண்டும்" என்றான். விட்டங்களின் விகிதமும் உராய்வும் அந்த மூன்று வாக்கியங்களில் வந்துவிட்டன. சூத்திரத்தை மட்டும் நான் பக்கத்தில் எழுதினேன். அன்றிலிருந்து அவன் முன்வரிசைக்கு வந்தான். பத்தாம் வகுப்பு தேறி, ஐ.டி.ஐ. முடித்து, இப்போது ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறான். எந்தப் பள்ளியின் சாதனைப் பலகையிலும் அவன் பெயர் இல்லை. என் கணக்கில் அது முதல் வரிசைச் சாதனை.

தேர்வுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. பன்னிரண்டில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றுக்கும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை மதிப்பெண்ணை எப்படியும் போட்டுவிடுவார்கள் என்று நினைத்து, ஆய்வகத்தை ஆண்டு முழுவதும் பூட்டிவைத்துத் தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் திறக்கும் பள்ளிகளை எனக்குத் தெரியும். கண்ணாடிக் கருவி உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் அதற்கு ஒரு காரணம். அந்தப் பயம் நியாயமில்லை. உடையத்தான் செய்யும், உடைவதற்கும் சேர்த்துத்தான் பள்ளி வாங்கிவைக்க வேண்டும். பூட்டிய ஆய்வகத்துப் பையன் பள்ளித் தேர்வில் தேறிவிடலாம். கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ முதல் ஆண்டிலேயே கஷ்டப்படுகிறான்.

ஆகவே சேர்க்கைக்குப் போகும்போது ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கழுவுதொட்டி ஈரமாக இருக்கிறதா, பீரோவின் சாவி எளிதில் கிடைக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒரே பத்தாம் வகுப்பைச் சேர்ந்த இரண்டு பையன்களின் ரெக்கார்டு நோட்டுகளை வாங்கி, குவிலென்சின் குவியத் தொலைவு காணும் சோதனையைப் பாருங்கள். ஜன்னலுக்கு எதிரே தெரியும் மலையின் தலைகீழ் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச்செய்து தூரத்தை அளக்கும் சோதனை அது. இரண்டு நோட்டிலும் எல்லா எண்களும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் ஒருவனைப் பார்த்து மற்றவன் எழுதியிருக்கிறான். ஒருவனிடம் 19.8, 20.1 என்றும் இன்னொருவனிடம் 20.3, 19.9 என்றும் இருந்து, ஓரிடத்தில் அடித்துத் திருத்தியும் இருந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.