ஃப்ரீசர் தரையில் ஐஸ் பாளம், காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர்: கேஸ் போடத்தான் வேண்டுமா?

வேண்டாம். உங்கள் டபுள் டோர் ஃப்ரிட்ஜில் கூலிங் நன்றாக இருக்கிறது, தண்ணீர் மட்டும்தான் தேங்குகிறது, மெக்கானிக் கேஸ் போடச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். கேஸ் என்பது ஃப்ரிட்ஜின் குழாய்களுக்குள் ஓடிக் குளிர்விக்கும் வாயு; அது குறைந்தால் முதலில் அடிபடுவது கூலிங்தான். தண்ணீர் தேங்குவதற்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை. இதைச் சொல்லியே ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

உங்களுடையது போன்ற ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே உருக்கிக்கொள்ளும்) ஃப்ரிட்ஜில் கூலிங் காயில், ஃப்ரீசரின் பின்பக்க பிளாஸ்டிக் பேனலுக்குப் பின்னால் இருக்கும். கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் ஈரக்காற்று அதில் பனியாகப் படியும். அவ்வப்போது கம்ப்ரஸர் நின்று, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டர் ஓடி அந்தப் பனியை உருக்கும். உருகிய தண்ணீர் கீழே உள்ள வாய்க்காலில் விழுந்து, ஓர் ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, பின்னால் கம்ப்ரஸர் மேல் இருக்கும் தட்டில் சேரும். கம்ப்ரஸர் சூட்டில் அங்கேயே ஆவியாகிவிடும். அந்த ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஃப்ரீசர் தரையில் பரவி உறையும், மிச்சம் கீழ் அறைக்குள் வடியும். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான்.

சரிசெய்ய, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஃப்ரிட்ஜைக் காலி செய்யுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. இரண்டு கதவையும் திறந்து வைத்து, கீழே பழைய துண்டுகளைப் போட்டு, ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். அவசரப்பட்டுக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்தவே கூடாது. குறிப்பாக சிங்கிள் டோரில் ஃப்ரீசர் சுவரிலேயே கேஸ் ஓடும் பாதை இருக்கிறது, ஒரு குத்துப் பட்டால் போதும். இப்போது வரும் ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, தீப்பற்றக்கூடிய வாயு.

ஐஸ் உருகியதோடு நிறுத்திவிட்டால் மறுபடி அடைக்கும், ஏனென்றால் குழாய்க்குள் அழுக்கு அப்படியே இருக்கும். மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கி, நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, ஓட்டைக்குள் வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும். பெரும்பாலான டபுள் டோரில் ஓட்டை பேனலுக்குப் பின்னால் இருப்பதால் பேனலைக் கழற்ற வேண்டியிருக்கும். ஃபேன் ஒயர் அதோடு வரலாம், இழுத்துவிடாதீர்கள். கை வராது என்று தோன்றினால் இந்த வேலைக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

குழாயின் கீழ் முனையையும் மறக்காதீர்கள். பல மாடல்களில் அங்கே ஒரு ரப்பர் மூடி இருக்கும். தண்ணீரை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத மாதிரி அதன் வாயில் ஒரு கீறல் மட்டும் இருக்கும். என் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் அதைக் கழற்றி அமுக்கியபோது கறுப்பாக வழவழவென்று ஒரு கசடு வந்தது, நடுவில் ஒரு கொத்தமல்லிக் காம்பு. சோப்புத் தண்ணீரில் அலசி மாட்டினோம். மேலே ஊற்றிய ஒரு டம்ளர் தண்ணீரும் தட்டில் வந்து விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் பேனலை மூடினோம். நீங்களும் அந்தச் சத்தம் கேட்காமல் மூடாதீர்கள்.

பேனலைக் கழற்றும்போது காயிலையும் ஒரு பார்வை பாருங்கள். ஐஸ் இருக்கிற இடமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். தரையில் மட்டும் பாளம் என்றால் ஓட்டை அடைப்பு. காயில் முழுக்க வெள்ளையாக மூடி, ஃப்ரீசர் சுமாராகக் குளிர்ந்து கீழ் அறை குளிரவில்லை என்றால் டிஃப்ராஸ்ட், அதாவது பனியை உருக்கும் ஏற்பாடு, வேலை செய்யவில்லை: ஹீட்டர், பைமெட்டல் (குளிரில் ஹீட்டருக்குக் கரண்ட் விட்டு, சூடானதும் துண்டிக்கும் சின்ன ஸ்விட்ச்), டைமர் அல்லது சென்சார், இவற்றில் ஏதோ ஒன்று. காயிலின் ஒரு பக்கத்தில் மட்டும் பனி படிந்து, மற்றது காய்ந்து, இரண்டு அறையும் குளிராமல் கிடந்தால்தான் கேஸ் பற்றிப் பேச வேண்டும். இன்னொன்று, பைமெட்டலை மீட்டரில் சோதிப்பதானால் அது நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது சோதிக்கச் சொல்லுங்கள். அறைச் சூட்டில் அதில் கனெக்‌ஷன் காட்டாது, அதை வைத்து "போயிடுச்சு சார்" என்று மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கதவு கேஸ்கெட்டையும், அதாவது கதவு ஓரத்து ரப்பரையும் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் பிடிமானம் இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ஈரக்காற்று அந்த வழியாக உள்ளே போகிறது. கடலோர ஊர்க் காற்றில் இது ரொம்பவே பாதிக்கும். சாம்பாரைச் சூடாக, மூடாமல் உள்ளே வைப்பதும் அப்படித்தான்.

கடைசியாக, பின்பக்கத் தட்டு. மழைக்காலத்தில் ஆவியாவது குறைந்து தண்ணீர் நின்றுவிடும், அந்த நல்ல தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். மாநகராட்சி ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜ் பின்னால் எட்டிப் பார்ப்பது அதனால்தான். வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.