ஜெர்மன் மெஷின்மேல் ஆசைப்படும் மகனும், ஏழு லட்சம் கேட்கும் ஏஜென்டும்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. வீட்டுக்காரர் கோவை கணபதியில் நாலு லேத்தும், விஎம்சி என்கிற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின் ஒன்றும் வைத்து, மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறார். பக்கத்து ஷெட்டில் வந்திறங்கிய பழைய ஜெர்மன் மெஷினைப் பார்த்த நாளிலிருந்து பையன் ஜெர்மனிக்குத்தான் போவேன் என்று நிற்கிறான். சொந்தக்காரர்களோ மெக்கானிக்கல் எடுத்ததே தப்பு, கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள் என்கிறார்கள். இதற்கு நடுவில் அவனை ஜெர்மனிக்கு அனுப்பிவைக்க ஒரு ஏஜென்ட் ஏழு லட்சம் கேட்கிறார். கடைசி வரியில் ‘அந்த மெஷினில் அப்படி என்னதான் சார் இருக்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிற பெற்றோர் யாரும் கேட்காத கேள்வி இது. முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.

நல்ல மெஷின் என்றால் ஜெர்மனி என்ற பெயர் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் போன ஃப்ரான்ஸ் ரூலோ என்ற ஜெர்மன் பேராசிரியர், தம் நாட்டுச் சரக்கைப் பார்த்துவிட்டு ‘மலிவு, மட்டம்’ என்று ஊருக்கு எழுதினார். 1887-ல் பிரிட்டன், வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயரைப் பொறிக்கச் சட்டம் போட்டது. ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற முத்திரை அப்படித்தான் வந்தது. பார்த்ததும் வாங்காமல் ஒதுங்கட்டும் என்பதுதான் நோக்கம். அதே முத்திரையை ஒரு தலைமுறைக்குள் பெருமையாக மாற்றிவிட்டார்கள்.

சரி, மெஷினுக்குள் வருவோம். ஒரு மீட்டர் நீள ஸ்டீல் கம்பி, ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் 11 மைக்ரான் நீளும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). உங்கள் ஷெட்டில் காலைக்கும் மத்தியானத்துக்கும் ஆறு டிகிரி ஏறினால் 66 மைக்ரான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் கனம். காலையில் அளவுக்கு வந்த பீஸ் மத்தியானம் ரிஜெக்ட் ஆகி, ஆபரேட்டர் திட்டு வாங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஜெர்மன்காரர்கள் காலம் காலமாகச் சண்டை போடுவது இந்தச் சூட்டோடும் அதிர்வோடும்தான். பல மெஷின்களின் பெட், அதாவது மொத்தத்தையும் தாங்கும் அடிப்பாகம், இப்போது வார்ப்பிரும்பு கூட இல்லை. ஜல்லியையும் மணலையும் எபாக்ஸி பிசினில் குழைத்து அச்சில் ஊற்றி இறுக விடுகிறார்கள். அது அதிர்வை விழுங்கிவிடும், சூடும் மெதுவாகத்தான் ஏறும். பீஸை வைக்கும் டேபிள் எங்கே நிற்கிறது என்பதற்கு, அதை நகர்த்தும் ஸ்க்ரூ சுற்றின கணக்கை மட்டும் நம்பாமல், பக்கவாட்டில் நுண்கோடுகள் போட்ட கண்ணாடி ஸ்கேலை வைத்து நேராகவே படிக்கிறார்கள். அந்த ஸ்கேலுக்குப் பேர்போன ஹைடன்ஹைன் கம்பெனி இருப்பது பவேரியாவில் ட்ரவுன்ரொய்ட் என்ற சின்ன ஊரில்.

எல்லாம் கம்ப்யூட்டர் யுகம் என்கிறோம். ஆனால் மிக நுணுக்கமான மெஷின்களில் சில பரப்புகளை இன்னும் கையால்தான் சுரண்டி எடுக்கிறார்கள். நீல மையைத் தடவி, சமதளத் தகட்டை வைத்துத் தேய்த்து, எங்கே மை ஒட்டுகிறதோ அந்த மேட்டை மட்டும் ஸ்கிராப்பரால் ஒரு சிட்டிகை எடுப்பது, மறுபடி தடவுவது, மறுபடி சுரண்டுவது. உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பழைய ஃபிட்டர்கள் செய்து பார்த்திருப்பார்.

அந்தக் கைகள் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் பையன் கவனிக்க வேண்டிய இடம். அங்கே பத்தாவது முடித்த பிள்ளைகள் பலர் ‘ஆஸ்பில்டுங்’ என்ற தொழிற்பயிற்சியில் சேருகிறார்கள். மெஷினிங் தொழிலுக்கு மூன்றரை வருடம். வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி, மற்ற நாளெல்லாம் கம்பெனி, மாதாமாதம் சம்பளம். சிஎன்சி என்கிற கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின் பக்கம் விடுவதற்கு முன்னால் அரத்தைக் கொடுத்து வாரக்கணக்கில் இரும்பைத் தேய்க்க விடும் வழக்கமும் உண்டு. நம் பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். அதற்கும் மேல் மட்டத்தில், ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் மெஷின் டூல், அதாவது உலோகத்தைக் கடையும் வெட்டும் மெஷின்களுக்கான ஆய்வுக்கூடம் 1906 முதல் நடக்கிறது. பேராசிரியர்களும் கம்பெனிகளும் அங்கே சேர்ந்தே வேலை செய்கிறார்கள்.

கம்பெனிகளில் பல குடும்பச் சொத்து. பெருநகரத்தில் தேடினால் கிடைக்காது. ஸ்டுட்கார்ட்டைச் சுற்றி மட்டும் எஸ்லிங்கனில் இண்டெக்ஸ், நூர்டிங்கனில் ஹெல்லர், டிட்சிங்கனில் ட்ரும்ப். ட்ரும்பைப் பற்றி உங்கள் சொந்தக்காரர்களிடம் அவசியம் சொல்லுங்கள். 1923-ல் சின்னப் பட்டறையாகத் தொடங்கி, தகடு வெட்டும் மெஷின் செய்து வளர்ந்த கம்பெனி அது. இன்று மிக நுண்ணிய சிப்புகளைத் தயாரிப்பதற்காக நெதர்லாந்துக்காரர்கள் செய்யும் மெஷினுக்குள், நொடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகளைச் சுடும் லேசர் ட்ரும்புடையது. மெக்கானிக்கலை விட்டுக் கம்ப்யூட்டருக்குப் போனாலும், மிக நுண்ணிய சிப்புகள் பிறக்க இப்படி ஒரு பட்டறை வம்சத்து லேசர் வேண்டியிருக்கிறது.

இவ்வளவு புகழ்ந்ததால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மெஷின் டூல் உற்பத்தியில் இன்று முதலிடம் சீனாவுக்கு. நம் ஊர் ஜாப் ஒர்க்குக்கு பெங்களூர், தைவான், ஜப்பான் மெஷின்களே தாராளம். வீட்டுக்காரர் ஜெர்மன் மெஷின் வாங்காதது கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. ஜெர்மன் மெஷின்களின் பெரிய வாடிக்கையாளர் கார் தொழில்தான். எலக்ட்ரிக் காருக்கு என்ஜின் பிளாக்கும் வேண்டாம், கிராங்க் ஷாஃப்ட்டும் வேண்டாம் என்றால் அவற்றைக் கடையும் மெஷின்களை யார் வாங்குவார்கள்? 2024-ல் ஆர்டர்கள் நன்றாகவே சரிந்தன. அங்கே வேலை காத்துக்கிடக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது ஏஜென்ட் விஷயம். அவர் சொல்வது ஆஸ்பில்டுங். பையன் இன்னும் ஒரு வருடத்தில் பி.இ. முடிப்பான், அவனுக்கு எம்.எஸ். தான் இயல்பான வழி. அதோடு, பயிற்சிக்கு வரும் பிள்ளைக்குக் கம்பெனியே சம்பளம் கொடுக்கிற ஏற்பாட்டில் நாம் எதற்கு ஏழு லட்சம் கொடுக்க வேண்டும்? எம்.எஸ்.ஸுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தில் நம் நாட்டு மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் அதைவிட அதிகம். விசாவுக்கு ஒரு வருடச் செலவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ; விண்ணப்பிக்கும்போது புதிய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது கட்டணம் இல்லை, உங்கள் பணம்தான், மாதாமாதம் பையன் கைக்கே வரும். படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். இதெல்லாம் அவனே உட்கார்ந்து இணையத்தில் செய்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் நான் கறார். ஆங்கிலத்தில் பாடம் என்று ஜெர்மன் படிக்காமல் போகக் கூடாது. சில வருடத்துக்கு முன் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு பையனை ‘போய்ப் பழகிக்கலாம்’ என்று நானே அனுப்பினேன். படிப்பை முடித்தான். வேலை தேடும்போது ஷாப் ஃப்ளோரில் பேசுவது புரியாமல் ஒரு வருடம் அல்லாடினான். அது என் தப்பு. விமானம் ஏறுவதற்குள் ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுநிலைத் தேர்வை முடித்திருக்க வேண்டும்.

அதற்கு முன் இந்த லீவில் ஒரு வேலை. மெஷினை இயக்கும் ஹைடன்ஹைன் கன்ட்ரோலைக் கணினியில் பழக இலவசப் பதிப்பு தருகிறார்கள், அதைப் போட்டுக்கொள்ளட்டும். அப்புறம் ஒரு மாதம் அப்பாவின் ஷெட்டில், ஒரே பீஸைக் காலையிலும் மத்தியானத்திலும் மைக்ரோமீட்டரில் அளந்து, பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதி வரட்டும். பத்தாவது நாளே சலித்துப் போனால் அவனுக்குப் பிடித்தது ஜெர்மனி, மெஷின் இல்லை. வேறு வழி பேசலாம். வித்தியாசம் ஏன் வருகிறது என்று அப்பாவைத் துளைக்க ஆரம்பித்தால் நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக என்னைப் பார்க்க வரட்டும். ஏஜென்டுக்கு அதுவரை ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.