காலில் சிவப்புப் புள்ளிகள், ஆனால் டெங்கு இல்லை

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. தடிமனும் காய்ச்சலும் மாறி இரண்டு கிழமை. இப்போது கால்களிலும் பின்பக்கத்திலும் சிவப்புப் புள்ளிகள், கணுக்கால் வீங்கி நொண்டுகிறான். டெங்கோ என்று பயந்து இரத்தம் சோதித்தோம், பிளேட்லெட் 310,000. பாமசியில் அலர்ஜி என்றார்கள். அம்மம்மா பப்பாசி இலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார். (வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்)

பதில்: பப்பாசிச் சாறு வேண்டாம், அந்தப் பிளேட்லெட் எண்ணிக்கை சரியாகவே இருக்கிறது. டெங்கில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் நாட்களில் வரும், இரண்டு கிழமை கழித்து அல்ல.

ஒரு கண்ணாடிக் குவளையைப் புள்ளிமேல் அழுத்திப் பாருங்கள். மறையாமல், விரலுக்குச் சற்றுத் தடிப்பாகத் தட்டுப்பட்டால் அலர்ஜியை மறந்துவிடலாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் நோயோடு ஒத்துப்போகின்றன. ஹெனொக்-ஷோன்லைன் பர்ப்யூரா என்பது இதன் பழைய பெயர். தொற்றுக்குப் பிறகு ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுவர்களில் படிந்து அழற்சியை உண்டாக்குகிறது. 3 முதல் 10 வயதுப் பிள்ளைகளில்தான் அதிகம். பிள்ளையைப் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும், ஆகவே இந்த ஓரிரு நாளுக்குள் சிறுவர் வைத்தியரிடம் காட்டுங்கள்.

புள்ளிகளும் மூட்டுவலியும் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அடங்கும். வலிக்குப் பனடோல் போதும். சிறுநீரகத்தைப் பார்க்கும் முன் புரூஃபன் கொடுக்காதீர்கள்.

என் கவலை அந்தச் சிறுநீரகம்தான். அது பாதிக்கப்பட்டாலும் பிள்ளைக்கு வலி இருக்காது, சிறுநீரின் நிறம்கூட மாறாமல் இருக்கலாம். சோதித்தால்தான் இரத்தமும் புரதமும் தெரியும். முதல் மாதம் வாரம் ஒருமுறையும், பிறகு வைத்தியர் சொல்லும் இடைவெளியிலும் ஆறு மாதம் வரை சிறுநீரும் இரத்த அழுத்தமும் பார்க்கப்பட வேண்டும். புள்ளி மறைந்ததும் கிளினிக்கை விட்டுவிடும் வீடுகள்தான் அதிகம். வேலைக்கும் பள்ளிக்கும் நடுவில் அது புரிகிறது, ஆனாலும் விடாதீர்கள். புள்ளி போக ஸ்டீரொய்ட் கேட்டு அலையவும் வேண்டாம். கடும் வயிற்றுவலிக்கு அது உதவும், சிறுநீரகத்தை முன்கூட்டியே காக்காது.

வயிறு முறுக்கி வலித்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, விதை வீங்கினாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனாலோ காத்திருக்காமல் பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வதும் இந்நோயில் உண்டு. புள்ளிகளோடு கடும் காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால் அது வேறு கதை, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்கு இது திரும்ப வருகிறது, பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்குள். வந்தால், சிறுநீர்ச் சோதனையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குங்கள்.