ஆர்இவி3எல் ஒடுக்கமும் சிஸ்பிளாட்டின் உணர்திறனும்

ஆர்இவி3எல் மரபணு, டிஎன்ஏவைப் பிழை மிகுதியாக நகலெடுக்கும் சீட்டா நொதியின் முக்கியப் பகுதியை உருவாக்குகிறது. இம்மரபணுவை ஒடுக்கிய செல்களுக்கு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை இட்டும் 48 மணி நேர எம்டிடி சோதனையில் வேறுபாடு தெரியவில்லை என்பதற்காக, அந்த நொதிக்கு மருந்து எதிர்ப்பில் பங்கில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் சோதனைதான் பொருந்தவில்லை. எம்டிடி அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. சிஸ்பிளாட்டின் டிஎன்ஏவில் அடுத்தடுத்துள்ள குவானைன் காரங்களைப் பிணைத்த இடத்தில், ஈட்டா என்ற இன்னொரு நகலெடுப்பு நொதி அவற்றுக்கு எதிரே காரங்களை இட, அங்கிருந்து இழையை நீட்டுவது சீட்டா நொதி. அது குறைந்த செல் உடனே மடியாமல், பிரியும் திறனை இழந்து நிற்கலாம்.

ஆகவே குறைந்த செறிவுகளில் மருந்திட்டு, 10 முதல் 14 நாள் வளர்த்து, செல் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். ஒடுக்கம் நிகழ்ந்ததா என்பதை முதலில் ஆர்என்ஏ அளவில் உறுதி செய்யுங்கள். 3,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட, மிகச் சிறிதளவே உருவாகும் இப்புரதத்தை வெஸ்டர்ன் பிளாட் என்ற புரதம் கண்டறியும் சோதனையில் தேடுவது வீண் சிரமம்.

மருந்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்திருந்தால் மேற்கண்ட எதுவும் பயன்படாது. அது பிளாட்டினத்தோடு இணைந்து மருந்தைச் செயலிழக்கச் செய்யும். உப்புக்கரைசலில் புதிதாகக் கரையுங்கள்.

செல் கூட்டங்களை எண்ணும் இச்சோதனையில் தெரிவது டிஎன்ஏ சேதத்தைத் தாங்கும் திறன் மட்டுமே. நொதி விட்டுச்செல்லும் பிழைகளால் பின்னர் எழும் எதிர்ப்பைக் காண, நிலையான ஒடுக்கமும் பல சுற்று மருந்தும் தேவைப்படும்.