ஆக்டினைக் குலைத்தும் செல் விழுங்குகிறதே, மருந்து போலியா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக நாய்ச் சிறுநீரக எம்டிசிகே செல்களை வளர்க்கிறேன். செல்லுக்குச் சட்டகமாக இருக்கும் ஆக்டின் புரத இழைகளைக் குலைக்கும் சைட்டோகலாசின் டி கொடுத்தும், இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதம் செல்லுக்குள் போவது குறையவே இல்லை. 'அந்தச் சரக்கு சரியில்லை, நான் வேறு தருகிறேன்' என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?
– ஆய்வு மாணவி, திருநெல்வேலி

பதில்: எதையும் வாங்காதீர்கள். உங்களுக்குக் கிடைத்தது சரியான விடையாகவே இருக்கலாம்.

உங்கள் எம்டிசிகே போன்ற எபிதீலியல் செல்லுக்கு, அதாவது உறுப்புகளின் உட்புறத்தை விரிப்பாக மூடும் செல்லுக்கு, மேல்முகம் வேறு, கீழ்முகம் வேறு. மேல்முகச் சவ்வு மத்தளத் தோல்போல விறைப்பானது. அதைக் குழித்து உள்ளே கிள்ளியெடுக்க சவ்வை வளைக்கும் கிளாத்ரின் புரதம் மட்டும் போதாது, ஆக்டினும் தள்ளிக்கொடுக்க வேண்டும். கீழ்முகத்தில் அந்த உதவி இல்லாமலே வேலை நடந்துவிடும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டேவிட் சபட்டினி குழு 1993இல் இதே மருந்தை வைத்துத்தான் இந்த வேறுபாட்டைக் காட்டியது. விறைப்பே காரணம் என்று 2011இல் ஹார்வர்டின் கிர்ஷ்ஹவுசன் குழு விளக்கியது. டிரான்ஸ்ஃபெரினைப் பிடித்து உள்ளே கொண்டுபோகும் ஏற்பிகள் பெரும்பாலும் கீழ்முகத்தில்தான் இருக்கின்றன. பிறகு எப்படிக் குறையும்?

மருந்தைச் சந்தேகித்தால் ஆக்டின் இழைகளில் ஒட்டி ஒளிரும் ஃபல்லாய்டின் சாயம் போட்டுப் பாருங்கள். நீண்ட இழைகள் சிதைந்து புள்ளிபுள்ளியாகத் திரண்டிருந்தால் மருந்து வேலை செய்கிறது.

வழக்கமான பிளாஸ்டிக் தட்டில் மேல், கீழ் பிரித்துப் பார்க்க முடியாது. வடிகட்டிச் சவ்வில் செல்களை நெருக்கமாக வளர்த்து, இரு பக்கமும் தனித்தனியாகச் சோதியுங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது, பலர் விழுவதும் இங்கேதான். சைட்டோகலாசின் செல்களுக்கிடையிலான இறுக்கமான இணைப்புகளையும் தளர்த்தும். மேலே ஊற்றியது இடுக்கு வழியே கசிந்து கீழே இறங்கி, கீழ்முகம் வழியாக உள்ளே போகும். நீங்களோ மேல்முகம் விழுங்கியதாக எழுதிவிடுவீர்கள். அதனால் மருந்துக்கு முன்னும் பின்னும் செல் அடுக்கின் குறுக்கே மின்தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; இணைப்பு தளர்ந்தால் அது குறையும். வடிகட்டிச் சவ்வுக்குக் கீழே உள்ள அறையின் திரவத்தையும் எடுத்து, எவ்வளவு கசிந்தது என்று பாருங்கள். இந்த அளவு இல்லாத படத்தை நான் நம்பமாட்டேன்.

இனி ஏஜென்ட் விஷயம். பேட்ச் எண்ணும் பகுப்பாய்வுச் சான்றும் தராதவரிடம் ஒரு மில்லிகிராம்கூட வாங்காதீர்கள். செல்லையும் அப்படிப்பட்டவரிடம் வாங்க வேண்டாம், புனே என்சிசிஎஸ் போன்ற செல் வங்கியில் கேளுங்கள். எங்கிருந்து வந்தாலும், செல் வளர்ப்பில் தெரியாமல் தொற்றும் மைகோபிளாஸ்மா பாக்டீரியா இருக்கிறதா என்று சோதனை செய்யுங்கள். மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர் என்ற விதி இந்தத் தரகர்களைத்தான் வளர்க்கிறது. மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டிய குப்பி வெள்ளி மாலை வந்து, ஸ்டோர்ஸ் கையெழுத்துக்காகத் திங்கள்வரை மேசைமேல் கிடக்கிறது. கேட்பார் இல்லை! பழி மாணவர் தலையில் விழுகிறது. 'வேண்டிய கிராஃப் போட்டுத் தருகிறோம்' என்று அழைக்கும் புராஜெக்ட் சென்டர் பக்கமே போகாதீர்கள். அது மோசடி, பிடிபட்டால் பட்டமே போகும்.

வழிகாட்டி ஒப்பவில்லை என்றால் அந்த 1993 கட்டுரையை அச்செடுத்து, உங்கள் ஃபல்லாய்டின் படத்தையும் மின்தடை அளவுகளையும் சேர்த்துக் கொடுங்கள்.